நாடகத்தை நம் கைக்குக் கொண்டுவந்த பம்மல் சம்பந்த முதலியார்



நம் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மகனோ மகளோ பாடப் புத்தகத்தில் வரும் நாடகப் பாடத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று என்றைக்காவது கவனித்தீர்களா? கேள்வி-பதில் நோட்டில் ஆசிரியர் எழுதிப் போட்டதை மனப்பாடம் செய்கிறார்கள். வெனிஸ் நகரத்து வணிகன் யார், அவன் நண்பன் யார், கடன் கொடுத்தவன் யார் என்பதெல்லாம் ஒரு மதிப்பெண் கேள்விகள். பரீட்சை முடிந்ததும் நாடகமும் முடிந்துவிடுகிறது. பேசுவதற்காக எழுதியதை வாய் திறக்காமல் படித்தால் அப்படித்தான் ஆகும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் இப்படித்தான். ஷேக்ஸ்பியர் என்றாலே பயம், காளிதாசன் என்றால் நமக்கு எதற்கு என்ற எண்ணம். இந்தப் பயத்தைப் போக்குவதற்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லத்தக்க ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் தொழில்முறை நடிகர் அல்ல, தமிழ்ப் பண்டிதரும் அல்ல. பகலில் கோர்ட்டுக்குப் போய்விட்டு, மாலையில் நாடகம் எழுதி, ஒத்திகை நடத்தியவர். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். ‘சபாபதி’ படமும் சிவாஜி நடித்த ‘மனோகரா’ படமும் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தக் கதைகள் யாருடையவை என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே இந்த இதழில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பதினெட்டு வயதில் ஒரு சபை

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரம் பக்கத்தில் உள்ள ஊர். அது குடும்பத்தின் சொந்த ஊர். தந்தை விஜயரங்க முதலியார் கல்வித் துறையோடு தொடர்புள்ளவர் என்பதால் வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. சம்பந்தம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். ஆங்கில நாடகங்களில் அவருக்கு அளவு கடந்த ஈடுபாடு. ஆனால் தமிழ் நாடகத்தின் மேல் அவருக்கு அப்போது மதிப்பே கிடையாது. இதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து நிலைமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு ஆடின. இரவு ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும். பாட்டுத்தான் பிரதானம், நடுநடுவே வரும் வசனத்தை நடிகர்கள் அப்போதைக்கப்போது சொந்தமாகப் பேசிக்கொள்வார்கள். நடிகர்களைக் கூத்தாடி என்று சொல்லி, படித்த குடும்பங்கள் தூரத்தில் வைத்திருந்தன. நாடகம் பார்க்கப் போவதே மரியாதைக் குறைவு என்று எண்ணிய வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவன் தானே முகத்தில் அரிதாரம் பூசி மேடை ஏறுவது என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்!

1891-இல் பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்ற குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல். படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் கூச்சமில்லாமல் மேடை ஏறி நடித்ததைப் பார்த்தார் சம்பந்தம். வக்கீல் ஒருவர் தெலுங்கில் செய்வதை நாம் ஏன் தமிழில் செய்யக் கூடாது என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கும் வயது.

இதே 1891-இல்தான் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சில் வந்தது. அது படித்து இன்புறுவதற்காக எழுதப்பட்ட செய்யுள் நாடகம். பின்னர் 1897-இல் பரிதிமாற் கலைஞர் நாடகத்துக்கு இலக்கணம் சொல்லும் ‘நாடகவியல்’ எழுதினார். 1926-இல் விபுலானந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக மரபோடு வைத்து விளக்கினார். இவையெல்லாம் பெரும் பணிகள். ஆனால் புலமை உள்ளவர்களுக்கான பணிகள். சம்பந்த முதலியார் வேறு பாதையில் போனார். சாதாரணமாகப் படித்த ஒருவன் கையில் எடுத்து வாசித்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடிக்கும்படி நாடகம் எழுத வேண்டும் என்பதே அவருடைய வழியாக இருந்தது.

பேசும் தமிழில் நாடகம்

சபை ஆரம்பித்ததும் முதலில் தட்டுப்பட்டது நாடகப் பஞ்சம். படித்தவர்கள் நடிப்பதற்கு ஏற்ற தமிழ் நாடகம் கையில் இல்லை. ஆகவே தாமே எழுதத் தொடங்கினார். முதல் நாடகம் ‘புஷ்பவல்லி’ 1893-இல் மேடை ஏறியது. 1895-இல் ‘லீலாவதி-சுலோசனா’வும் ‘மனோகரா’வும் வந்தன. அதன்பின் நிற்கவே இல்லை. வாழ்நாளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

இவற்றில் அவர் செய்த முக்கியமான மாறுதல், நாடகத்தை உரைநடைக்குக் கொண்டுவந்தது. பாட்டைக் குறைத்தார். வசனத்தை முழுவதுமாக எழுதி, எழுதியபடியே பேச வைத்தார். விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஒத்திகை இல்லாமல் மேடை ஏறக் கூடாது என்று வைத்தார். சபையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது வரும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பாத்திரங்களை எழுதினார். நாடகத்துக்கு ஆள் தேடாமல், இருக்கும் ஆளுக்கு நாடகம் எழுதினார் என்று சொல்லலாம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைவிட உதவியான முறை வேறு இல்லை.

‘மனோகரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா புருஷோத்தமன் வசந்தசேனை என்பவளின் வலையில் விழுந்து, பட்டத்து ராணி பத்மாவதியை ஒதுக்கி வைக்கிறான். மகன் மனோகரன் வீரன், கோபக்காரன். ஆனால் தாய் சொல்லைத் தட்டாதவன். தந்தையை எதிர்க்கக் கூடாது என்று தாய் கட்டளையிட்டிருப்பதால், சங்கிலியில் கட்டப்பட்டபோதும் பொறுத்துக்கொள்கிறான். தாய் தன் கட்டளையை விலக்கிக்கொண்ட பிறகே சங்கிலியை அறுக்கிறான். உண்மையில் அவனைக் கட்டியிருந்தது இரும்பு அல்ல, தாய்ச் சொல் என்பதைப் பார்க்கிற சின்னப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. இதனால்தான் சபைகளும் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு இந்த நாடகத்தை நடத்தின. சிறுவர்களாக இருந்த டி.கே.எஸ். சகோதரர்கள் இதை நடித்தபோது சம்பந்த முதலியாரே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1954-இல் கலைஞர் மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுத, சிவாஜி கணேசன் நடித்துப் படமாக வந்ததையும் நாம் அறிவோம். ஒரு கதை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொடர்ந்து ஜனங்களைப் பிடித்து வைத்திருந்தது என்றால் அதன் அடித்தளம் எவ்வளவு பலமானது!

ஷேக்ஸ்பியருக்குத் தமிழ்ப் பெயர்

இப்போது நம் பிள்ளைகளின் பாடத்துக்கு வருகிறேன். கல்லூரியில் தான் ரசித்த ஷேக்ஸ்பியரை, இங்கிலீஷ் தெரியாதவர்களும் ரசிக்க வேண்டும் என்று சம்பந்த முதலியார் விரும்பினார். ‘ஹாம்லெட்’ தமிழில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று. ‘மாக்பெத்’ ‘மகபதி’ ஆயிற்று. ‘சிம்பலின்’ ‘சிம்ஹளநாதன்’ ஆனது. வெனிஸ் நகரம் வாணீபுரமாகி, நாடகம் ‘வாணீபுர வணிகன்’ என்று வந்தது. ‘ஆஸ் யூ லைக் இட்’ என்பதற்கு ‘விரும்பிய விதமே’ என்று பெயர் வைத்தார்.

இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஹாம்லெட் என்ற ஒலி அமலாதித்யனிலும், மாக்பெத் என்ற ஒலி மகபதியிலும் ஒளிந்திருக்கிறது. மூலம் தெரிந்தவருக்குப் பழைய பெயர் காதில் விழும். தெரியாதவருக்கு அது நம் புராணத்தில் வரும் ராஜா பெயர்போலவே கேட்கும். ஹாம்லெட்டின் காதலி ஒபீலியாவுக்கு அவர் வைத்த பெயர் அபலை. ஒலியும் ஒத்துப்போகிறது, அந்தப் பெண்ணுக்கு நேரப்போகும் கதியும் பெயரிலேயே வந்துவிடுகிறது. டென்மார்க் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கதை நம் நாட்டு ராஜ்யம் ஒன்றில் நடக்கிறது. தந்தை இறந்த துக்கம், சிற்றப்பன்மேல் சந்தேகம், தாய்மேல் கோபம், செய்வதா வேண்டாமா என்ற தவிப்பு ஆகியவை மட்டும் மாறாமல் நிற்கின்றன. தலைமைப் பாத்திரத்தை அவரே ஏற்று நடித்தார்.

‘வாணீபுர வணிகன்’ கதையை வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கொஞ்சம் கூடுதலாகவே ரசிப்பதுண்டு. நண்பனுக்காக ஒருவன் தன் பேரில் மூவாயிரம் காசு கடன் வாங்குகிறான். தவணை மூன்று மாதம். திருப்பிக் கொடுக்காவிட்டால் தன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். அவன் நம்பியிருந்த கப்பல்கள் கடலில் மூழ்கிவிட்டதாகச் சேதி வருகிறது. வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. சதையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரத்தில் ரத்தம் என்ற சொல்லே இல்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது என்று வாதம் எழுகிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் இல்லாத ஊர் உண்டா? இந்தக் கதை அயல்நாட்டுக் கதை என்று யாருக்காவது தோன்றுமா? கோர்ட்டிலேயே வாழ்ந்த வக்கீல் ஒருவர் இதைத் தமிழாக்கியது மிகவும் பொருத்தம்.

ஷேக்ஸ்பியரோடு அவர் நிற்கவில்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரின் குறும்புக்கார வேலைக்காரன் ஸ்காபென் தமிழில் காளப்பனாக வந்தான்; நாடகத்தின் பெயர் ‘காளப்பன் கள்ளத்தனம்’. வடமொழியிலிருந்து ஹர்ஷரின் ‘ரத்னாவளி’யையும், காளிதாசரின் ‘மாளவிகாக்னிமித்திர’த்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். இந்தக் கடைசி நாடகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அரண்மனையில் நாட்டிய ஆசிரியர்கள் இருவருக்குள் யார் உயர்ந்தவர் என்ற சண்டை. தீர்ப்பு எப்படி என்றால், ஆசிரியர்கள் ஆட வேண்டாம், அவரவர் மாணவியை ஆடச் சொல்லுங்கள் என்பது. தனக்குத் தெரிந்திருப்பது ஒன்று, பிறருக்கு வரும்படி சொல்லிக்கொடுப்பது வேறொன்று. சம்பந்த முதலியாருக்கு இரண்டும் வந்தது.

பழங்கதையைத் தலைகீழாக்கிப் பார்க்கும் குறும்பும் அவரிடம் இருந்தது. பொய்யே பேசாத அரிச்சந்திரன் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் உண்மையே பேசாத ஒருவனைப் படைத்து ‘சந்திரஹரி’ என்று பெயரையும் திருப்பி வைத்தார். மூலக்கதை தெரிந்தவர்களுக்கு வரிக்கு வரி சிரிப்பு. ஒரு காவியத்தைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்களா என்று சோதிக்க இதுகூட ஒரு வழிதான். கதையைத் தலைகீழாக எழுதச் சொல்லுங்கள். சரியாகத் தெரிந்தவன்தான் சரியாகத் தலைகீழாக்க முடியும்.

வக்கீல், நீதிபதி, நடிகர்

இத்தனையும் செய்தவர் தம் தொழிலை விட்டுவிடவில்லை. வக்கீலாக இருந்தார். 1924-இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகி, 1928-இல் ஓய்வு பெற்றார். நாடகத்தால் ஜீவனம் நடத்தவில்லை என்பதால் மனத்துக்குப் பிடித்ததைச் செய்யும் சுதந்திரம் இருந்தது. அதே சமயம், நாடக ஆசிரியனின் உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். தம் நாடகங்களை நடத்தும் கம்பெனிகள் அனுமதி பெற வேண்டும், அதற்குரிய தொகையைச் செலுத்த வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எழுதியவனுக்கும் பங்கு உண்டு என்ற கணக்கு அப்போது பலருக்குப் புதிது.

அவர் இருந்ததால் சபைக்கு ஆட்கள் வந்தார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், அரசாங்க அதிகாரிகள் மேடை ஏறினார்கள். தீரர் சத்தியமூர்த்தி சபையின் அங்கத்தினராக இருந்து நடித்தவர். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் சபையோடு தொடர்புள்ளவர். விக்டோரியா பப்ளிக் ஹாலில் சபையின் நாடகங்கள் நடந்தன. கூத்தாடி என்று ஒதுக்கிய வீட்டாரே டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். அவற்றில் மிகப் புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு. சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் பெரும்பாலும் ரங்கவடிவேலுதான் கதாநாயகி. மேடைக்கு வெளியே இருவரும் உயிர் நண்பர்கள். ரங்கவடிவேலு அவருக்கு வெகு காலம் முன்பே காலமாகிவிட்டார். அந்தப் பிரிவைத் தம் நினைவுகளில் சம்பந்த முதலியார் எழுதியிருப்பதைப் படித்தால், ஒரு சபை என்பது பொழுதுபோக்குச் சங்கம் மட்டுமல்ல, மனிதர்களை ஒருவருக்கொருவர் வாழ்நாள் துணையாக்குவது என்று தெரியும்.

சபையின் செல்வாக்கு கடல் தாண்டியும் போனது. 1911-இல் சபை கொழும்புக்குப் போய் நாடகங்கள் நடத்தியது. அதைப் பார்த்து உற்சாகம் அடைந்தவர்களில் ஒருவர் சொர்ணலிங்கம். பிற்காலத்தில் கலையரசு என்று இலங்கைத் தமிழர்களால் போற்றப்பட்டவர். 1913-இல் அங்கே லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. பெயரிலேயே சுகுண விலாச சபையின் சாயல் தெரிகிறது அல்லவா? சொர்ணலிங்கம் கடைசிவரை சம்பந்த முதலியாரைத் தம் குருவாகவே மதித்தார்.

ஓய்வுக்குப் பின் அவர் சும்மா இருக்கவில்லை. தம் அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்று ஆறு பாகங்களாக எழுதினார். புதிதாக நடிக்க வருகிறவர்களுக்காக ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். தாம் அறுபது வயதில் தெரிந்துகொண்டதை இருபது வயதுப் பையன் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல மனம் அது. சிவாலயங்களைப் பற்றியும் எழுதினார். பேசும் படம் வந்ததும் அதிலும் இறங்கிப் பார்த்தார். ‘சபாபதி’ 1941-இலும், ‘வேதாள உலகம்’ 1948-இலும் படங்களாக வந்தன. 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

வரவும் செலவும்

ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது. சம்பந்த முதலியார் காலத்திலேயே வாழ்ந்த இன்னொரு மேதை சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். அவர் பாட்டும் வசனமும் கலந்து எழுதி, ஏழைப் பையன்களைச் சேர்த்துக் கம்பெனி நடத்தி, அவர்களை நடிகர்களாக்கினார். அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றும் கிராமத்துத் திருவிழாக்களில் நடக்கிறது. சம்பந்த முதலியாரின் நாடகம் படித்தவர்களின் அரங்குக்குள் வந்தபோது, நாடகம் என்றால் இதுதான், மற்றதெல்லாம் மட்டம் என்ற ஒரு நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அது சரியல்ல.

கடத்தூரில் இருக்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும். நம் தர்மபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் பாரதக் கூத்து உண்டு. அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் பார்க்க, பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். வெற்றிலைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவருக்கும் கர்ணன் ஏன் துரியோதனனை விட்டு விலகவில்லை என்று தெரியும். கேட்டுப் பாருங்கள், வாதாடுவார். மகாபாரதத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. கூத்துத்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். படித்த பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர் பயம். படிக்காத பெரியவருக்கு வியாசர் சொந்தக்காரர். வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒருவர் பேசவும் ஆடவும் கண்டார். மற்றவர் அச்சில் மட்டும் கண்டார்.

ஆகவே என் கணக்குப்படி இருவழியும் வேண்டும். கூத்து நம் மண்ணில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கூடவே சம்பந்த முதலியார் காட்டிய வழியில் அவர்களையே பேச வையுங்கள்.

நம் குடியிருப்பில் என்ன செய்யலாம்?

ஆண்டு விழா வரும்போதெல்லாம் நாம் சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்கிறோம். ஆடட்டும், அதில் தப்பில்லை. கூடவே அரை மணி நேரம் ஒரு நாடகத்துக்கு ஒதுக்கினால் என்ன? செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சம்பந்த முதலியாரின் வாழ்க்கையைப் படித்ததில் நான் எடுத்துக்கொண்ட சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலில், ‘சபாபதி’யில் ஆரம்பிக்கலாம். அசட்டு எஜமானனும் அதே பெயருள்ள அவனைவிட அசட்டு வேலைக்காரனும் சேர்ந்து அடிக்கும் கூத்து அது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். சிரிப்பில் கூச்சம் போய்விடும். கூச்சம் போனபிறகு ‘வாணீபுர வணிகன்’ கோர்ட் காட்சிக்குப் போகலாம். அதன்பின் பாடப் புத்தகத்தில் உள்ள இங்கிலீஷ் காட்சியை அதே பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கதை ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் மொழி அவ்வளவு மிரட்டாது.

இரண்டாவது, முழு நாடகம் வேண்டாம். ஒரே ஒரு காட்சி போதும். அவர் விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரமாக்கினார். நாம் சில மணி நேரத்தைச் சில நிமிடங்களாக்கிக்கொள்வோம்.

மூன்றாவது, மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கட்டும். இரண்டு மூன்று முறை வாசித்தால் தானாகவே மனத்தில் நிற்கும்.

நான்காவது, பிள்ளைக்கு ஏற்ற பாத்திரம் கொடுங்கள். பேசவே கூச்சப்படும் குழந்தைக்கு இரண்டு வரி வேலைக்காரன் வேடம் போதும். அந்த இரண்டு வரிக்குக் கைதட்டல் விழுந்தால், அடுத்த முறை அது இருபது வரி கேட்கும். சுகுண விலாச சபையில் பெண் வேடத்தை ஆண்கள் போட வேண்டியிருந்தது. நம் குடியிருப்பில் அந்தக் கவலை இல்லை. முதலில் பெயர் கொடுக்கப் போவதே பெண் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது, பெரியவர்களும் சேருங்கள். தாத்தா ராஜாவாகவும் பேரன் மந்திரியாகவும் வாசித்தால் பேரனுக்கு அது பாடமாகத் தோன்றாது. நம்மில் பலர் வேலைக்காகப் பல ஊர் சுற்றிவிட்டு இங்கே வந்து ஒதுங்கியவர்கள். எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருஷம் ஓடுகிறது. ஒரு நாடகத்தில் கூட நின்றவரை யாரும் மறப்பதில்லை.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். அவருடைய நாடகங்கள் பல இணையத்தில் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனிலேயே படிக்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தர நான் தயார்.

மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். விருப்பம் உள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சில நண்பர்களோடு ஆரம்பித்ததுதான் சுகுண விலாச சபை. நம் குடியிருப்பில் அதைவிட ஆள் பலம் அதிகம்.